கட்லாவுக்கு ஒரு முள், ஜிலேபிக்கு ஒரு முள்

நாஞ்சில் நாட்டைச் சாலை வழியாகப் பார்த்தால் கோயிலும் வயலும் தென்னந்தோப்பும் தெரியும். தண்ணீரோடு சேர்ந்து இறங்கி வந்தால்தான் இந்த மண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில், மிஞ்சின் என்ற பொறியாளரின் பொறுப்பில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்றைத் தேக்குகிறது. 1950களின் தொடக்கத்தில் வந்த பெருஞ்சாணி அணை பரளியாற்றை நிறுத்துகிறது. பரளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுப் படுகைக்குத் திருப்பிவிடும் பாண்டியன் கால்வாய் இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று பிரிந்து வரும் தண்ணீர், வழியிலுள்ள குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு வயலுக்குப் போகிறது. ஜூனில் அணை திறந்தால் கன்னிப்பூ நெல், வடகிழக்குப் பருவமழையோடு கும்பப்பூ நெல். பிப்ரவரி வாக்கில் அணையை அடைத்தபிறகு கோடை முழுக்கக் குளங்கள் வற்றிக்கொண்டே போகும். மீன் பிடிக்கிறவர்கள் காத்திருப்பது அந்தக் கோடைக்காகத்தான்.

குத்தகை எடுத்த குளத்தில் கோடையில் இழுவலை போட்டுக் கரையேற்றும்போது என்ன நடக்கிறது என்று நின்று கவனித்தால் இந்தக் கட்டுரையின் கேள்வி தானாகவே எழும். வலைக்குள் நாலைந்து கிலோ எடையுள்ள கட்லா இருக்கும். ரோகு, மிருகால், சாதா கெண்டை இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகல ஜிலேபி குவியலாக இருக்கும். கெளுத்தி, ஆரல், விரால், பனையேறி, விரல் நீளப் பொடிக் கெண்டை எல்லாம் சேற்றோடு சேற்றாகப் புரளும். விலை போகும் மீனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டபிறகு மிச்சம் கரையிலேயே கிடந்து சாகும், அல்லது பாதி உயிரோடு திரும்ப வீசப்படும். தூண்டில்காரரும் சிறிய அளவில் இதையேதான் செய்கிறார். கெண்டைக்குப் போட்ட முள்ளில் கெளுத்தி சிக்கினால் கையில் குத்துப் பட்டு, திட்டிக்கொண்டே பிய்த்து எறிகிறார். இரண்டு பேருமே தெரிவு செய்கிற வேலையைக் கடைசியில் செய்கிறார்கள். அந்த வேலை தண்ணீருக்குள்ளேயே, மீன் இரையைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதும், நாஞ்சில் நாட்டுக் குளங்களில் அது முடியக்கூடியதே என்பதும்தான் நான் சொல்ல வருவது.

முதலில் கெண்டை இன மீன்களை ஏன் குறிவைக்க வேண்டும்? கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடக்கத்திய ஆற்று மீன்கள். மழை வெள்ளம் பாயும் ஆற்றில்தான் இவை முட்டையிடும்; தேங்கிய குளத்தில் எவ்வளவு கொழுத்தாலும் இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவற்றை முட்டையிட வைத்த பிறகுதான், ஆற்றில் குஞ்சு தேடி அலையாமல் பண்ணையிலேயே உற்பத்தி செய்ய வழி பிறந்தது. இன்றும் அந்த நாள் தேசிய மீன் விவசாயிகள் தினம். ஆகவே நம் குளத்தில் நீந்தும் ஒவ்வொரு கட்லாவும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சு. அதைப் பிடிப்பது விதைத்த வயலை அறுப்பது மாதிரி. அறுத்துத் தீர்ந்தால் அடுத்த பூவுக்கு மறுபடி விதைக்கலாம். ஆரலுக்கும் அயிரைக்கும் கெளுத்திக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றை யாரும் விதைக்கவில்லை. குளம் வற்றும்போது மிஞ்சிய கொஞ்சமே அடுத்த மழைக்குப் பெருகியாக வேண்டும். சினையோடு இருக்கும் ஆரலைத் தவறிப் பிடித்து எறிந்தால் அதற்கு ஈடாகக் குஞ்சு வாங்கி விட எந்தப் பண்ணைக்கும் யாரும் போவதில்லை.

ஜிலேபி மூன்றாவது வகை. 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குள் வந்த மொசாம்பிக் திலாப்பியாதான் நம்மூர்க் குளங்களில் ஜிலேபி என்று பேரெடுத்தது. தாய் முட்டையை வாயில் வைத்துப் பொரித்து, குஞ்சையும் வாயிலேயே காப்பாற்றும். பிறந்த சில மாதத்திலேயே சினைபிடிக்கும். கூட்டம் பெருகப் பெருக ஆள் சிறுத்துப்போகும்; ஒரு குளம் முழுக்க மீன் இருந்தும் ஒன்றும் கால் கிலோ தேறாத நிலை அப்படித்தான் வருகிறது. வேண்டாத மீன் என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்குவதற்குள் இப்படி இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகத் தவிர்க்கிறோம். இன்னொன்று நம் இரையைத் தின்று தீர்த்துவிடும் என்பதற்காகத் தவிர்க்கிறோம். காரணம் வேறானாலும் தூண்டிலில் செய்யவேண்டியது பெரும்பாலும் ஒன்றே.

பூதப்பாண்டி, புத்தேரி வழியாக இறங்கி வரும்போது குளக்கரைகளில் தூண்டில் போட்டிருப்பவர்களின் இரையைப் பார்த்தாலே அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். மண்புழு என்றால் கெளுத்தி, ஆரல், விலாங்கு, பனையேறி எல்லாம் வரும். கோழிக்குடல் என்றால் கெளுத்தி கட்டாயம் வரும். தவளைக்குஞ்சு விராலுக்கு. பிசைந்த மைதா மாவு எல்லா மீனுக்கும் பொது. அதனால்தான் அது பொடி மீனுக்கே போய்ச் சேர்கிறது. கெண்டை வேண்டுமென்றால் மாமிச இரையை அடியோடு விடவேண்டும். கெளுத்தியும் விராலும் ஆரலும் விலாங்கும் மாமிச வாசனைக்கும் உயிர் அசைவுக்கும் வருபவை; அவித்த தானியத்தை அவை பெரும்பாலும் சட்டை செய்யாது. இந்த ஒரு மாற்றத்திலேயே வேண்டாத மீனில் பாதிக்கு மேல் விலகிவிடும். மிஞ்சுவது ஜிலேபியும் பொடிக் கெண்டையும்தான். அவற்றை விலக்க இரை கடினமாகவும் பெரிதாகவும் இருக்கவேண்டும்.

சாதா கெண்டையின் வாயைத் திறந்து பார்த்தால் உதட்டோரத்தில் இரண்டு ஜோடி மீசை தெரியும், தாடையில் பல்லே இருக்காது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. நத்தையையும் விதையையும் உள்ளே கொண்டுபோய் அங்கேதான் நொறுக்கும். ஆகவே அது இரையைக் கடிப்பதில்லை. சேற்றோடு சேர்த்து உறிஞ்சும், வாய்க்குள் சோதித்துப் பார்க்கும், பிடிக்காததை வெளியே ஊதும். இரவு முழுக்க ஊறவைத்து, நகம் இறங்கும் அளவுக்கு மட்டும் அவித்த கொண்டைக்கடலை இதற்குக் கச்சிதமான இரை. மக்காச்சோளமும் ஆகும். ஊறாத பச்சைத் தானியத்தைத் தண்ணீரில் போடக்கூடாது. மீனின் வயிற்றுக்குள் போய் உப்பும். கடலையை முள்ளில் குத்தவும் வேண்டாம். முள்ளின் வளைவிலிருந்து ஒரு விரற்கடை நூலைத் தொங்கவிட்டு அதில் கடலையைக் கோத்துவிட்டால், கடலை தனியாகவும் முள் வெறுமையாகவும் இருக்கும். கெண்டை கடலையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ளே போகும்; சந்தேகப்பட்டு ஊதும்போது கடலை வெளியேற, முள் கீழுதட்டில் இறங்கும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் கெண்டை இரை எடுக்கும் விதத்தைக் கவனித்துக் கண்டுபிடித்த முறை இது. சின்ன ஜிலேபி அதே கடலையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், பிய்க்க முடியாமல் விட்டுவிடும். மைதா உருண்டை அதே ஜிலேபிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. முள் உதட்டில் மட்டும் இறங்குவதால் மீனுக்குக் காயமும் குறைவு. தொண்டைவரை விழுங்கிய முள்ளைப் பிடுங்கினால் எந்த மீனும் பிழைப்பது அரிது.

கட்லாவுக்கு இந்தக் கடலை உதவாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதன் வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை கிடையாது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரைத் தண்ணீரோடு சேர்த்து வடிகட்டித் தின்கிற மீன் அது. தவிடும் கடலைப் புண்ணாக்குப் பொடியும் சேர்த்துப் பிடித்த உருண்டை தண்ணீரில் மெல்லக் கரைந்து புகைபோலப் பரவும்போது, அந்தக் கரைசலைக் குடிக்க வரும் கட்லா நடுவிலிருக்கும் முள்ளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். தமிழ்நாட்டில் பரவலாகிவிட்ட ஸ்பிரிங் தூண்டில் வேலை செய்வது இப்படித்தான். அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. கரையும் மாவு பொடி மீனையும் கூட்டும்; ஸ்பிரிங்கைச் சுற்றித் தொங்கும் நாலைந்து சிறு முட்களில் எது வேண்டுமானாலும் மாட்டும், சில நேரம் வாயில் மாட்டாமல் வயிற்றிலும் செவுளிலும் குத்தி வரும். இரண்டே முள், அதுவும் சற்றுப் பெரிய முள், கரையை விட்டுத் தள்ளி ஆழமான இடத்தில் தக்கை கட்டிப் போடுவது என்று மாற்றினால் சிக்கல் பெருமளவு குறையும். ஜிலேபி கூடு தோண்டுவது கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில். அதை விட்டு விலகிப் போவதே பாதித் தீர்வு.

தேரூரை அடையும்போது தாமரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கவிமணி பிறந்த ஊர் இது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பல குளங்களில் தாமரை தனிப் பயிராகவே வளர்க்கப்பட்டு, பூ தோவாளைச் சந்தைக்குப் போகிறது. மீன்காரருக்குத் தாமரைக் குளம் கடினமான குளம். தூண்டில் நரம்பு தண்டில் சுற்றிக்கொள்ளும், வலை இழுக்க முடியாது. ஆனால் ரோகு தண்டுகளில் படியும் பாசியை ஒட்டி மேயும் மீன். இலைப்பரப்பு முடியும் விளிம்பில், நடுமட்டத்தில் நிற்கும்படி அவித்த மரச்சீனியை இறுக்கமாகப் பிசைந்து போட்டால் அதற்குத் தோதான இடத்தில் தோதான இரை அமையும். புல் கெண்டை இருக்கும் குளமானால் மடித்த இளம் வாழையிலைத் துண்டோ புல்லோ போதும். அதை இரையாக நினைக்கும் மீன் குளத்தில் வேறு அதிகம் இல்லை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இலை அடர்ந்த குளத்தில் விடியற்காலை பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துப் பசியோடு மேய்கின்றன என்று நினைத்துத் தூண்டில் போடுவார்கள். இரவெல்லாம் செடியும் மீனும் சேர்ந்து மூச்சுவிட்டதில் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, மீன் திணறுகிற காட்சி அது. அப்போது இரை எடுக்காது. எடுத்தாலும் அந்த நேரத்தில் போராட விட்டால் செத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு போடலாம்.

இவ்வளவு வேலை எதற்கு, ஐந்து ரூபாய் மைதா போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைக்கும் ஒரு முழம் நூலுக்கும் மைதாவைவிடப் பெரிய செலவு ஆகிவிடாது. மறுபக்கம், முள்ளில் மாட்டுவது எதுவானாலும் குழம்புக்கு ஆகும், ஏழை வீட்டுச் சட்டிக்கு ஜிலேபியும் கெளுத்தியும் மீன்தானே என்று சொல்பவர்களும் உண்டு. இந்த வாதத்துக்கு எடை அதிகம். விலை குறைந்த புரதம் கட்லாவைவிட ஜிலேபியில்தான் எளிய வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஜிலேபியைத் தின்னக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்னும் அதிகமாகப் பிடிக்கவேண்டிய மீன் அது. அதற்கென்று தனியாகச் சின்ன முள், மாவு, கரையோரம், பட்டப்பகல் என்று ஒரு தூண்டில் போடுங்கள். பிடித்ததில் ஒன்றையும் திரும்ப விடாதீர்கள். கெளுத்தி வேண்டுமென்றால் புழுவோடு அந்தியில் உட்காருங்கள், சினை மீன் வந்தால் விட்டுவிடுங்கள். என்ன மீன் வேண்டும் என்று முடிவெடுக்காமல் முள்ளைப் போடும்போதுதான் வீண் சாவு நிகழ்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. கட்லாவும் ரோகுவும் இந்த மண்ணின் மீன்கள் இல்லையே; வந்தேறி மீனைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொரு வந்தேறியான ஜிலேபியை வேண்டாதது என்று சொல்ல நமக்கு என்ன நியாயம்? பதில் பிறப்பிடத்தில் இல்லை, மீன் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. கட்லா தானாகப் பெருகாது. குஞ்சு விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் குளத்திலிருந்து மறைந்துவிடும். ஜிலேபியை நிறுத்த யாராலும் முடியவில்லை. இந்த அளவுகோலை வைத்தால் சாதா கெண்டையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், தேங்கிய தண்ணீரிலேயே செடிகளில் முட்டை ஒட்டிப் பெருகும். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். கொடிகளை வேரோடு பெயர்க்கும். ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் அது பெருகி உள்ளூர் மீனை ஒதுக்கிவிட்டது. பிடித்த கெண்டையை உயிரோடு தண்ணீரில் விடுவது அங்கே சில மாநிலங்களில் குற்றம். இங்கிலாந்திலோ அதே மீனை எடை போட்டுப் படம் எடுத்துப் பத்திரமாகத் திரும்ப விடுகிறார்கள். நம் குளத்தில் பிடிபடும் சாதா கெண்டையைத் திரும்ப விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதே சரி என்பது என் முடிவு. புதிதாகக் குஞ்சு வாங்கி விடுகிறவர்களும் கட்லா, ரோகு, மிருகாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேண்டாத மீனை ஒழிக்கப் பண்ணைக்குட்டைகளில் ஒரு முறை உண்டு. குஞ்சு விடுவதற்கு முன் ஒரு ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால், 2500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அதிலுள்ள சப்போனின் மீனைக் கொன்றுவிடும், இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தணியும், பிறகு புண்ணாக்கே உரமாகும். நாலு பக்கமும் கரைகட்டிய சொந்தக் குட்டைக்கு இது பொருந்தும். வயலுக்கும் பறவைக்கும் ஊருக்கும் பொதுவான குளத்தில் இதைச் செய்தால் ஆரல், அயிரை, குளத்துக் கெண்டை எல்லாமே சேர்ந்து அழியும். நன்னீரில் நஞ்சிடுவதையும் வெடி வைப்பதையும் இந்திய மீன்வளச் சட்டம் 1897லேயே குற்றமாக்கிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாதிரி ஒன்று குளத்தில் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டு மத்திய அரசு வளர்ப்பதற்கே தடை விதித்த மீன் அது. கோழிக்கழிவில் கொழுத்து, காற்றைச் சுவாசித்து, ஈரத் தரையில் அடுத்த குளத்துக்கே ஊர்ந்து போகும். அதற்கும் நஞ்சு விடையாகாது, ஏனென்றால் சேற்றில் புதைந்து தப்பிக்கும் மீன்களில் அதுவும் ஒன்று. கோடையில் தண்ணீர் வற்றும்போது தனியாகப் பிடித்து அகற்றுவதுதான் வழி. தூண்டிலில் சிக்கினால் திரும்ப விடவே கூடாது.

சுசீந்திரம் குளம் நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கிறது. தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறவர்கள் பேருந்திலிருந்தே கூழைக்கடாவையும் நாரையையும் பார்க்கலாம். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் 2015இல் பாதுகாப்புக் காப்பகமாயின. சுசீந்திரம் தேரூர் குளங்களும் ராஜாக்கமங்கலம் பக்கத்து வேம்பனூர்க் குளமும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. குத்தகைதாரரையும் வனத்துறையையும் கேட்காமல் இங்கெல்லாம் தூண்டிலை எடுக்கவே கூடாது. மற்றக் குளங்களிலும், குழந்தைகள் கையளவுப் பொடிக் கெண்டையை அள்ளிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர், நீர்க்காகமும் நாரையும் மீன்கொத்தியும் தின்பது அந்தப் பொடி மீனைத்தான் என்பதை நினைக்கவேண்டும். ஐந்து கிலோக் கட்லாவை எந்தப் பறவையும் விழுங்க முடியாது. கெண்டையை மட்டும் குறிவைக்கிற தூண்டில் பறவையோடு போட்டி போடுவதில்லை என்பதே அதற்குள்ள பெரிய நியாயம். ஆனால் அறுந்து கிடக்கும் நரம்பும் ஈயக்குண்டும் பறவையைக் கொல்லும். அன்னங்கள் ஈயத்தை விழுங்கிச் சாவதைக் கண்டு இங்கிலாந்து 1987இல் சிறிய ஈயக்குண்டுகளைத் தடைசெய்தது. இங்கே அப்படித் தடை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டிவிட்ட சிறு கல்லோ இரும்பு நட்டோ அதே வேலையைச் செய்யும்.

ஒரு தூண்டில்காரர் இதையெல்லாம் பார்த்துச் செய்வதால் இழுவலைக்கு முன் என்ன மாறிவிடும் என்பது கடைசி மறுப்பு. தூண்டிலுக்குச் சொன்னதை வலைக்கும் சொல்லலாம். கண் பெரிய செவுள் வலையில் பெரிய கட்லா மாட்டும், ஆரலும் பொடிக் கெண்டையும் தப்பிப் போகும். குளத்தை ஒட்ட வடித்துவிட்டு இழுவலையால் வழிப்பதைவிட இதில் நாள் கூடுதலாகும், கூலியும் கூடும். மீன் ஒரே நாளில் குவிந்து விலை விழாமல் வாரக்கணக்கில் சந்தைக்குப் போவதால் அந்தக் கூலியில் ஒரு பகுதி திரும்பி வரும். குத்தகை ஏலத்தின் நிபந்தனைகளில் வலைக்கண்ணின் அளவையும், எவ்வளவு ஆழத்துக்குக் கீழே தண்ணீரை வடிக்கக்கூடாது என்பதையும், எந்தக் குஞ்சை விடக்கூடாது என்பதையும் எழுதுவது ஊராட்சிக்கும் குத்தகை விடும் துறைக்கும் கடினமான காரியமில்லை.

இந்தக் குளங்களின் மறுகால் தண்ணீர் பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலைத் தொடுகிறது. உப்பேறிய காயல் தண்ணீரில் கட்லாவால் நெடுநாள் வாழ முடியாது, ஜிலேபியால் முடியும். மொசாம்பிக் திலாப்பியா உவர்நீரிலும் கூடு தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மணக்குடிக் காயலின் சொந்த மீனான கரிமீனுக்கும் ஆழமில்லாத அதே இடமும் அதே பாசியும்தான் வேண்டும். தேரூர்ப் பக்கம் ஒரு குளத்தில் என்ன குஞ்சு விடப்படுகிறது, வெள்ளத்தில் என்ன மீன் மறுகால் தாண்டுகிறது என்பதெல்லாம் காயலில் கரிமீனை நம்பிப் பிழைக்கிறவரின் கூடைவரைக்கும் வந்து சேரும். குத்தகை நிபந்தனை எழுதும் கூட்டத்துக்கு மேலே உள்ள ஊர்க்காரர்களை மட்டும் அழைத்தால் போதாது, மணக்குடிக்காரர்களையும் அழைக்கவேண்டும்.